ஈறுகெட்ட வேகம்

அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி
சடச்சி, க/பெ ராமர்,
கொட்டச்சேடு, ஏற்காடு வட்டம்,
வயது சுமார் நாற்பத்திரண்டு.
அந்தச் சுமாரை அடித்தது நான்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.
குற்றப்பத்திரிகையில் சம்பவ இடம்
"வளைவுக்குச் சற்று மேலே."
அதையும் யாரும்.

அஸ்தம்பட்டியில் பதினொன்றரை மணி வெயில்.
கூண்டேறும்போது செருப்பைக் கீழே விட்டாள்.
சேர்வராயன் மேல் ஆணை என்றாள்.
கடவுளறிய என்று சொல்லும்மா என்றார் டவாலி.
சொன்னாள்.

வண்டி எவ்வளவு தூரத்தில் வந்தது?
"ரெண்டு சில்வரோக்கு மரத் தூரமுங்க.
மூணாவது மரம் அன்னிக்கு இல்ல."
மரம் எப்படியம்மா இல்லாமல் போகும்?
"மேகம் எறங்கியிருந்துச்சு."
வண்டி என்ன நிறம்?
"கிட்ட வர்றமுட்டும் மேகம்.
வந்தப்பறம் சாம்பல்."
என்ன வேகம்?
"பையன் திரும்பிப் பாக்கறதுக்குள்ள."
சரி, கண்ணால் என்னதான் பார்த்தாய்?
"மொதல்ல வெளிச்சம், மஞ்சளா ரெண்டு உருண்டை.
அப்பறம் சத்தம்.
அப்பறம் வெளிச்சம் இல்ல.
அதுக்கப்பறந்தான் வண்டி போச்சு."

எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை மூடினார்.
"வெரி வேக், யுவர் ஆனர்."
நீதிபதி என் பக்கம் திரும்பினார்:
"ம், வேக். போட்டுக்குங்க."
சடச்சி முகம் மலர்ந்து கும்பிட்டாள்.
"ஆமாங்கய்யா, வேகந்தான்.
நல்ல வேகம்."
கோர்ட்டே சிரித்தது.
நானும்தான்.

பள்ளிக்கூடத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தினார்கள்.
ஓடாத குதிரை ஓடாக் குதிரையானால்
அர்த்தம் சாகாது.
இங்கே வேகத்தின் வால் போனதும்
பையனை இடித்த வேகமும் போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில்
அட்டை கிழிந்த சட்டச் சொல்லகராதியை எடுத்தேன்.
தெளிவற்ற. மங்கலான. மழுப்பலான.
மங்கல் கண்ணுக்கு வருவது.
மழுப்பல் வாய் செய்வது.
ஒருத்தி மூடுபனியில் நின்றிருக்கிறாள்,
ஒருத்தன் கேட்ட கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறான்,
இருவருக்கும் ஒரே சட்டை தைத்து வைத்திருக்கிறது இந்தச் சொல்.
எங்கள் ஆபீசில் தினமும் நாலு தரமாவது அடிக்கிறேன்.
விரலுக்கு ரொம்ப லேசு.

டீ ஆடை கட்டும்போதுதான் உறைத்தது.
வெளிச்சம் இல்ல, அதுக்கப்பறம் வண்டி.
இடித்தவன்
விளக்கை அணைத்துக்கொண்டு போயிருக்கிறான்.
மேகம் யாரையும் மறைக்கவில்லை.
அவன்தான் மேகத்துக்குள் புகுந்துகொண்டான்.
அவ்வளவு துல்லியமாக
அந்த ஹாலில் அன்றைக்கு எவரும் பேசவில்லை,
என் கடிகாரம் உட்பட.

சொல்லியிருக்கலாம்.
யாரிடம்?
டைப்பிஸ்ட் சாட்சி சொல்லக் கூடாது,
அடிக்கலாம்.
ஐந்து பிரதி எடுத்தேன்,
ஐந்திலும் அந்த வார்த்தை
நல்ல கறுப்பாக விழுந்திருந்தது.

நாலு மணிக்குச் சாட்சிப்படி வாங்க வந்தாள்.
கைநாட்டு இல்லை, கையெழுத்து;
முதல் எழுத்து மட்டும் கட்டத்தைத் தாண்டியது.
"ஐயா வேகம்னு ஒத்துக்கிட்டாருல்லீங்க?"
பதிவாயிருக்கும்மா என்றேன்.
யார் பதிந்தது, என்ன பதிந்தது,
ஒன்றும் இல்லாத வாக்கியம்.
எழுவாய்கூட இல்லை.
அவளுக்கு அது போதுமாயிருந்தது.
செத்தவன் யாரென்று கேட்டேன்.
"தெரியாதுங்க. எந்த ஊரோ.
கையில ஒரு ஆரஞ்சுப் பை வெச்சிருந்தான்,
பழம் அத்தனையும் பள்ளத்துக்கு உருண்டுச்சு.
அதை யாருமே கேக்கல."

நூற்று எண்பது ரூபாயை மூன்று தரம் எண்ணி
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
ஐந்தேகாலுக்குக் குப்பனூர் வழி பஸ்.
வராந்தாவில் நின்று வடக்கே பார்த்தவள்
"மேல மூடிருச்சு" என்றாள்.

நானும் பார்த்தேன்.
எனக்கு மலை முழுசாகத்தான் தெரிந்தது.
தெரிந்த மாதிரிதான் இருந்தது.